நெருஞ்சிக்கு டயரும் ஒரு குளம்பு

காரைக்காலில் மலை கிடையாது, பாலைவனமும் கிடையாது. ஆனாலும் அரசலாறு கடலில் சேரும் பக்கம் மணல் ஏறிய தரிசில் கியர் சைக்கிளை இறக்கினால், அமெரிக்கப் பாலைநிலத்தில் மலைச் சைக்கிள் ஓட்டுபவர்கள் அஞ்சும் அதே எதிரி இங்கேயும் காத்திருக்கும். அங்கே அதற்கு ‘கோட்ஹெட்’, ஆட்டுத்தலை என்று பெயர். நமக்கு நெருஞ்சி. யானை நெருஞ்சி அல்ல, அது வேறு குடும்பம். தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூக்கும் சிறு நெருஞ்சி. அமெரிக்காவுக்கு அது வந்தேறி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ரயில் பாதையோரம் தலைகாட்டியது. செம்மறிக் கம்பளியில் ஒட்டிக்கொண்டு போயிருக்கும் என்பார்கள்.

முற்றிய காய் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நீண்ட முள், கீழே இரண்டு குட்டை முள். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். குளம்பிலும் பாதத்திலும் ஏறி இடம் மாறுவதற்கு வாய்த்த வடிவம் இது. டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியது 1888இல்தான். நெருஞ்சியைப் பொறுத்தவரை டயரும் ஒரு குளம்புதான். கொஞ்சம் மிருதுவானது, அதிக தூரம் போகக்கூடியது. துண்டுக்குள் இருக்கும் விதைகளும் ஒரே சமயத்தில் முளைப்பதில்லை. ஒன்று முந்திக்கொள்ளும், மற்றவை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கும்.

நெருஞ்சிக்கு நிழல் ஆகாது. மிதிபட்டு வெறுமையாய்க் கிடக்கும் மண்ணில்தான் செழிக்கும். அதாவது தடத்தின் விளிம்பில். நடுத்தடத்தை விட்டு இறங்காமல் ஓட்டுவது பாதிப் பாதுகாப்பு.

மீதிப் பாதி காற்றில் இருக்கிறது. மணலில் சக்கரம் புதையாமலிருக்கக் காற்றைக் குறைக்க வேண்டும். டயர் தட்டையாகித் தரையைத் தொடும் பரப்பு கூடும். அதே எடை அகலமாகப் பரவும். ஆனால் பரப்பு கூடினால் சிக்கும் முள்ளும் கூடும். காற்று குறைந்த நிலையில் டியூப் உள்ள சக்கரம் கல்லில் மோதினால், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு கீறல் விழும். அதனால்தான் பாலைநிலத்தில் ஓட்டுபவர்கள் டியூப் இல்லாத டயரை விரும்புகிறார்கள். அதற்குள் ரப்பர் பால் கலந்த திரவம் கொஞ்சம் ஊற்றியிருக்கும். முள் குத்தியதும் வெளியே பாயும் காற்றே அந்தத் திரவத்தை ஓட்டைக்குத் தள்ளிக்கொண்டு வரும். அது அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். பட்டையில் கீறல் விழுந்த ரப்பர் மரம் தன் காயத்தை மூடுவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

டியூப் சைக்கிள் என்றால் முள்ளை வழியில் பிடுங்க வேண்டாம். ஓட்டையை ஓரளவு அடைத்திருப்பதே அந்த முள்தான். பஞ்சர் கடை வரை தாங்கினாலும் தாங்கும். கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்து ஒட்டிய பிறகு, டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவச் சொல்லுங்கள். முறிந்த முனை உள்ளேயே இருந்தால், புது ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

அமெரிக்கர்கள் 1961இல் நெருஞ்சிக்கு உயிருள்ள மருந்து ஒன்று தேடினார்கள். இந்தியாவிலும் இத்தாலியிலும் இயல்பாக வாழும் இரண்டு வகைக் கூன்வண்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஒன்று விதையைத் தின்னும், மற்றது தண்டைக் குடையும். வெப்பமான இடங்களில் பலன் தெரிந்தது. குளிர் கடுமையான இடங்களில் வண்டு தாக்குப்பிடிக்கவில்லை. ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரத்தில் இன்றும் மக்கள் நெருஞ்சியைக் கையால் பிடுங்கி மூட்டை கட்டுகிறார்கள். அதன் பெயரிலேயே ஒரு சைக்கிள் திருவிழாவும் நடத்துகிறார்கள். அங்கே குப்பைக்குப் போகும் அந்த மூட்டை, நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் நீர்க்கடுப்புக்கு விற்கிற சரக்கு.