பாப்காட் டயர் தேய்ந்தால் யார் பொறுப்பு?

சிமென்ட் தரையில் பாப்காட் திரும்பினால் டயர் கிறீச்சிடும், வண்டி துள்ளும், தரையில் கறுப்புத் தடம் விழும். ஆபரேட்டருக்குக் கைப்பழக்கம் போதாது என்று பார்த்தவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். டயர் செலவை அவர் சம்பளத்தில் பிடிக்கும் பேச்சும் எழும். அதற்கு முன் வண்டியின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஸ்கிட் ஸ்டீர் லோடர் என்ற இந்த வண்டியில் சக்கரங்கள் கார்ச் சக்கரம்போல ஒடிந்து திரும்புவதில்லை. ஒரு பக்கச் சக்கரங்கள் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவோ எதிர்த்திசையிலோ சுழல்வதால்தான் திரும்புகிறது. டயர் பக்கவாட்டில் இழுபட்டே ஆக வேண்டும். மண் அதற்கு வழிவிடும், காங்கிரீட் விடாது. பிடித்து வைத்துச் சட்டென்று விடும்போதுதான் அந்தத் துள்ளல். பக்கெட் காலியாக இருந்தால் எடையில் சுமார் 70 சதவீதம் பின்சக்கரங்களில் இருக்கும், முழுச் சுமை ஏறினால் முன்னால் வந்துவிடும். எடை முன்னும் பின்னும் சமமாக நிற்கும்போது திருப்புவதுதான் மிகச் சிரமம்.

ஆபரேட்டர் செய்யக்கூடியது உண்டு. நின்ற இடத்திலேயே சுழற்றாமல் மெல்ல நகர்ந்தபடி, முன்னும் பின்னுமாக எடுத்துத் திருப்பலாம். பக்கெட்டைத் தாழ்த்தியே ஓட்ட வேண்டும். சரிவில் கனமான பக்கம் மேட்டைப் பார்க்கட்டும்: சுமையோடு நேராக ஏறுங்கள், காலி என்றால் ரிவர்ஸில்.

மற்றதெல்லாம் முதலாளி கையில். பெரும்பாலான வண்டிகளில் ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களும் ஒரே மோட்டாரில், செயினில் ஓடுகின்றன. ஒன்று புது டயர், இன்னொன்று மொட்டை என்றால் சுற்றளவு மாறும். நேராக ஓடும்போதுகூட ஒன்றையொன்று இழுத்துத் தேய்க்கும். ஒரு டயரில் மட்டும் காற்றுக் குறைந்தாலும் இதே கதை. கையேட்டில் சொன்ன காற்று, ஒரே அளவில் ஜோடி டயர், தரை வேலைக்கென்றே வரும் டயர் என்று செலவழித்தால் பாதித் தொல்லை தீரும். மிச்சம் பிடிக்க நினைத்து ஒற்றை டயர் மாற்றுவது வீண் சிக்கனம்.

டயரைவிடப் பெரிய ஆபத்து, பக்கெட்டைத் தூக்கும் பூம். பெரும்பாலான வண்டிகளில் ஆபரேட்டர் அதன் இரு கைகளுக்கு நடுவே, பக்கெட்டைத் தாண்டித்தான் ஏறி இறங்க வேண்டும். சீட் பார் இறங்கினால்தான் பூம் அசையும்படி இன்டர்லாக் வைத்திருப்பது அதனால்தான். அதை ஒயர் ஒட்டி ஏமாற்றிய வண்டியில் ஏற மறுத்துவிடுங்கள்.

சம்பளப் பிடித்தத்துக்கு வருவோம். 2019 ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, ஒப்படைத்த பொருள் சேதமானதற்குத் தொழிலாளியின் அலட்சியமோ தவறோ நேரடிக் காரணமாக இருந்தால்தான் பிடிக்கலாம். அதுவும் அவர் விளக்கத்தைக் கேட்ட பிறகு, நஷ்டத் தொகையைத் தாண்டாமல். வண்டியின் அமைப்பால் வரும் சாதாரணத் தேய்மானத்தை அலட்சியம் என்பது என் பார்வையில் நியாயமில்லை. அநியாயமாகப் பிடித்திருந்தால் 3 ஆண்டுக்குள் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம்.

வேலையில் காயம் பட்டால் இழப்பீட்டு உரிமை தனி. 1923 சட்டம் தந்த அந்த உரிமை இப்போது 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு அந்த வழியிலேயே கிடைக்கும். ‘கான்ட்ராக்டர் ஆள்’ என்று சொல்லி வேலை கொடுத்த நிறுவனம் கைகழுவ முடியாது.

எதற்கும் சாட்சி வேண்டும். வண்டியை எடுக்கும்போதே நான்கு டயரையும் சீட் பாரையும் போனில் படம் எடுத்து, குறை இருந்தால் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னதை அவர் மறந்துவிடலாம்.