இருபதில் ஒரு பங்கு: பந்தயக் காரின் மாதிரியை நாமே செய்வோம்



கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்தோருக்குப் பந்தயக் காரின் முழக்கம் புதியதன்று. பத்து தீகாவில் 1968ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஓடுகளம் 2003 வரை இயங்கிற்று. சாலாக் செலாத்தானுக்குத் தெற்கே, செப்பாங்கில் 1999இல் திறக்கப்பெற்ற 5.543 கிலோமீட்டர் ஓடுகளத்தில் 2017 வரை ஆண்டுதோறும் ஃபார்முலா 1 பந்தயம் நடைபெற்றது. 2005 மார்ச் 20ஆம் நாள், கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அக்களத்தில் 19ஆம் எண் தாங்கிய மஞ்சள் நிற ஜோர்டான் காரை ஓட்டி 11ஆம் இடம் பெற்றார். ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவரே.

அக்காரின் படத்தை வகுப்பில் காட்டியபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இதுபோன்ற மாதிரிக் கார்களைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். எங்கள் வீட்டில் வாங்கித் தர இயலாது," என்றான். அச்சொல் நம் நெஞ்சைத் தைத்தது. வாங்க இயலாததைச் செய்ய இயலும் என்று காட்டவே இம்முயற்சியில் இறங்கினோம். செய்து கற்றதை இங்கே விளக்குகிறோம்.

அளவே அடிப்படை

நாம் 1:20 என்னும் அளவை மேற்கொண்டோம். அதாவது, உண்மைக் காரின் ஒவ்வோர் அளவையும் 20ஆல் வகுத்தல் வேண்டும். அக்கால விதிப்படி கார் 1,800 மி.மீ. அகலத்திற்கு மேற்படலாகாது, மாதிரியில் அது 90 மி.மீ. டயரோடு கூடிய சக்கரத்தின் விட்டம் 660 மி.மீ.; மாதிரியில் 33 மி.மீ. பிரேக் தட்டின் விட்டம் 278 மி.மீ.; மாதிரியில் ஏறக்குறைய 14 மி.மீ. எல்லா உறுப்புகளும் ஒரே எண்ணுக்குக் கட்டுப்பட வேண்டும். ஒன்று மீறினாலும் கண் உடனே கண்டுகொள்ளும்.

முதற் சக்கரத்திலேயே நாம் தவறினோம். கவராயத்தை 33 மி.மீ. விரித்து வட்டமிட்டு வெட்டினோம். காரின் அருகே வைத்தபோது அது லாரிச் சக்கரம்போல் நின்றது! விட்டத்திற்கும் ஆரத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியவர் நாமே. எனினும் கை மறந்துவிட்டது. கவராயம் விரிய வேண்டியது 16.5 மி.மீ. மட்டுமே. அதன்பின் அவ்வகுப்பில் ஆரத்தை எவரும் மறந்ததில்லை.

படத்திலிருந்து அளவெடுத்தல்

உண்மைக் கார் நம்மிடம் இல்லையே, அதன் சிற்றுறுப்புகளை எவ்வாறு அளப்பது? பக்கவாட்டில் நேராக எடுத்த படம் ஒன்று போதும். சக்கரத்தின் உண்மை விட்டம் 660 மி.மீ. என்பதை அறிவோம். படத்தில் அது 22 மி.மீ. இருப்பின், படத்தின் 1 மி.மீ. உண்மையில் 30 மி.மீ. ஆகும். படத்தில் 8 மி.மீ. நீளமுள்ள உறுப்பு உண்மையில் 240 மி.மீ.; மாதிரியில் 12 மி.மீ. சாய்வாக எடுத்த படத்தில் இக்கணக்குப் பொய்க்கும் என்பதை நினைவிற் கொள்க.

சிற்றுறுப்புகள்

சக்கரங்கள் உடலுக்கு வெளியே நிற்பதால் அவற்றைத் தாங்கும் கரங்கள் நன்கு புலப்படும். ஒவ்வொரு சக்கரத்திற்கும் மேலே ஒரு கவை, கீழே ஒரு கவை, இடையே சாய்வாக ஒரு தள்ளுதண்டு உண்டு. இவற்றைச் சாத்தே குச்சியைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்துத் தட்டையாக்கிச் செய்தோம். டயர்களுக்குப் பழைய கறுப்புச் சிலிப்பரின் அடிப்பாகம் உதவியது.

பிரேக் குழாய்க்குத் தொலைபேசிக் கம்பியை எடுத்தோம். உறையோடு அது 1 மி.மீ. பருமன். சிறியதுதானே என்று எண்ணலாம். 20ஆல் பெருக்கிப் பாருங்கள், 20 மி.மீ.! தோட்டத்தில் நீர் பாய்ச்சும் குழாய்க்கு ஒப்பாகும். உறையை நீக்கி, உள்ளே உள்ள 0.5 மி.மீ. செப்புக் கம்பியை வைத்தபோது பொருந்திற்று. அவ்வாறே, இருக்கை வாருக்குத் துணியை வெட்டினால் அதன் இழைகள் கயிறுபோல் பருத்துத் தோன்றும். ஆகவே 4 மி.மீ. அகலத்தில் தாளை வெட்டி வண்ணமிட்டோம். பொருள் உண்மையானதாக இருப்பதைவிட, அளவு உண்மையானதாக இருப்பதே இங்கு முதன்மை.

ரப்பர் பால் தரும் அச்சு

நான்கு சக்கரங்களின் முகப்பும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். கையால் நான்கு செய்தால் நான்கும் வேறுபடும். எனவே ஒன்றை மட்டும் செம்மையாகச் செய்து, அதன்மேல் ரப்பர் பாலை மெல்லிதாகப் பூசினோம். பால் வெண்மை மாறித் தேன்நிறம் அடைவதே உலர்ந்ததற்கு அறிகுறி. அதன்பின் அடுத்த பூச்சு. இவ்வாறு பத்துப் பூச்சுகள் ஆனதும் கையுறையைக் கழற்றுவதுபோல் உரித்தெடுத்தால் அச்சு ஆயத்தம். அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலை ஊற்றி நான்கு முகப்புகளை வார்த்தோம். நம் பாட்டன் பாட்டியர் விடியுமுன் எழுந்து வெட்டிய பால் இதற்கும் பயன்படும் என்பதை மாணவர்கள் வியப்புடன் கண்டனர். பாலில் அமோனியா நெடி உண்டு. சன்னலருகே வைத்தே பூசுக.

இறுதியாக ஒன்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. பசையும் வண்ணமும் மிகுந்தால் நுண்ணிய கோடுகள் மூழ்கிவிடும். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய மூன்று பூச்சுகள் மேலானவை.

இன்று அம்மஞ்சள் கார் நம் அலுவலறை அலமாரியில் இருக்கிறது. அதன் முன்சிறகு சற்றே கோணல்தான். ஆயினும், வாங்க இயலாது என்று வருந்திய அம்மாணவன் வருவோர்க்கெல்லாம் ஒவ்வோர் உறுப்பின் அளவையும் தாளைப் பாராமலே சொல்கிறான். பெட்டியில் வாங்கியிருந்தால் அவனிடம் ஒரு கார் மட்டுமே இருந்திருக்கும்.

மாணவர்களே, நீங்களும் செய்து பாருங்கள். கத்தியை எடுக்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். வெட்டுமுன் இருமுறை அளவிடுங்கள்.