வளைவில் ஒரு சோதனை

பொகவந்தலாவை மலைப்பாதையில் லொறி ஓட்டுவோர் நன்கறிவர்: வேகத்திற்குச் சோதனை நேர்வழியிலன்று, வளைவிலேயே.

கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன்று கார்ப் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் ஓடுதளத்தில் 20 கார்கள் அணிவகுத்தன. வெளிப்புறம் உயர்ந்த கடைசி வளைவில் கார் விரைந்து திரும்புங்கால், பளு மிகுதியும் இடப்புறச் சக்கரங்களின்மேல் சாய்கின்றது. மிஷெலின் டயர்கள் அதனைத் தாங்கா என அஞ்சி 14 கார்கள் விலகின. எஞ்சிய 6 கார்களுள் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார்.

“அறுவருள் நான்காமவர்தானே!” என்பாரும் உளர். பார்முலா ஒன்றில் அவர் பின்னர் வேறு புள்ளி பெறவுமில்லை. ஆயினும் ஓட்டத்தைக் கைவிட்டாரல்லர். 2019இல், தமது 42ஆம் வயதில், ஜப்பானின் பியூஜி ஓடுதளத்தில் நடந்த பந்தயமொன்றில் முதலாவதாக வந்தார்.