மலைச்சரிவில் ஒரு வீடு

சிங்கப்பூரில் இருபது வருஷம் உழைத்த சிநேகிதர் ஒருவருக்குப் பூர்வீகம் குந்தா. விடுமுறைக்கு வந்தவர், மஞ்சூருக்கு மேலே தேயிலைக்கு நடுவில் நின்ற பழைய ஓட்டு வீடொன்றைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். விலை ரூ. 40 லட்சம். கையிலிருந்த சேமிப்பும் ஏறக்குறைய அவ்வளவே. "பணம் தயார், இனி என்ன யோசனை?" என்றார். வீட்டின் விலைதான் வீட்டின் செலவு என்று நம்புகிற புண்ணியவான் அவர் ஒருவர் மட்டுமல்ல.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7. பதிவுக் கட்டணம் முன்பு 4 ஆக இருந்தது. 2023 ஏப்ரல் முதல் 2. ஆகவே நாற்பது லட்சத்துக்கு ரூ. 3,60,000 தனியாக வேண்டும். பேசிய விலை சர்க்காரின் வழிகாட்டி மதிப்புக்குக் குறைந்திருந்தால், மதிப்பைக் கொண்டே கணக்கிடுவார்கள். வேறு ஏற்பாடு இல்லாத பட்சத்தில் முத்திரைச் செலவு வாங்குகிறவர் தலையிலேயே விழும் என்பது 1899-ஆம் வருஷத்துச் சட்டம்.

சிநேகிதர் முகம் சுளித்தார். அவர் பிழைக்கப் போன சிங்கப்பூரிலோ, வீடு வாங்கும் அந்நியருக்கு 2023 ஏப்ரல் முதல் வழக்கமான தீர்வைக்கு மேல் நூற்றுக்கு 60 கூடுதல் தீர்வை! இந்தச் சங்கடமெல்லாம் கோயமுத்தூர்க் கலெக்டர் ஸல்லிவன் துரைக்கு இருக்கவில்லை. தோடரிடம் ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் நிலம் வாங்கினார் என்பார்கள். 1822-இல் உதகையில் 'கல் பங்களா' எழும்பத் தொடங்கியது. தோடருக்கு எந்த வக்கீல் யோசனை சொன்னார் என்று கேட்பாரில்லை.

நம்மவருக்கு வக்கீல் கிடைத்தார். முப்பது வருஷத்துத் தாய்ப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் கேட்டார். "வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே!" என்றார் சிநேகிதர். அதில் பதிவான விவகாரங்கள் மட்டுமே தெரியும். பதியாத உயிலோ, கோர்ட்டில் நடக்கும் பாகவழக்கோ அதில் ஏறாமலே இருக்கலாம் என்று வக்கீல் விளக்கினார். அவருடைய 'பீஸ்' இத்தனை என்று எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. முன்கூட்டியே பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் மரியாதை.

பட்டாவைப் புரட்டியதும் வக்கீலின் புருவம் உயர்ந்தது. வீடும் ஒன்றரை ஏக்கர் தேயிலையும் ஒரே சர்வே எண்ணில் கிடந்தன. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே குடியிருக்கும் வீடு வாங்கலாம். விளைநிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றைக் கிரயம் வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடந்தருவதில்லை. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். மீறினால் சம்பந்தப்பட்ட தொகையின் மும்மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். சிநேகிதருக்கு அது ஆயுட்காலச் சேமிப்பைப் போல் மூன்று பங்கு!

தரகர் சளைக்கவில்லை. "எல்லாவற்றையும் வீட்டுமனை என்று எழுதிவிட்டால் போகிறது" என்றார். அன்று மாலைக்குள் ரூ. 4 லட்சம் முன்பணம் வேண்டும் என்றும் நெருக்கினார். வக்கீல் காகிதங்களை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சிநேகிதர் அன்றிரவு உறங்கவில்லை, முன்பணமும் கொடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கீழே கிராம நத்தத்தில் சிறிய வீடொன்று ரூ. 28 லட்சத்துக்கு அமைந்தது. தீர்வையும் கட்டணமும் ரூ. 2,52,000. அதற்குள் அவர் கடல் கடந்துவிட்டதால், சிங்கப்பூரிலுள்ள இந்திய ஹைகமிஷனில் தம்பிக்கு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினார். அப்படி வரும் பத்திரத்துக்கு இங்கே மூன்று மாதத்துக்குள் முத்திரை இட வேண்டும். அதற்கும் செலவும் அலைச்சலும் உண்டு.

மிஞ்சிய பணத்தை என்ன செய்தார் என்கிறீர்களா? வீட்டின் பின்புறம் செங்குத்தான மண்மேடு. 2019 ஆகஸ்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை ஊரார் மறக்கவில்லை. தடுப்புச் சுவர் பாதி எழும்பியிருக்கிறது. ஆனி பிறப்பதற்குள் முடிக்கும்படி கொத்தனாரைத் தினந்தோறும் விரட்டிக்கொண்டிருக்கிறார், சிங்கப்பூரிலிருந்து டெலிபோனில்.