பந்தல் கம்பியும் கிட்டார் கம்பியும்

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் தம்பி ஒருவர், கம்பத்தில் நாங்கள் வழக்கமாக உட்காரும் டீக்கடைக்கு ஒருநாள் தோளில் கிட்டார் உறையோடு வந்து இறங்கினார். கடையில் இருந்த நாலு பேரும் கச்சேரி என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். கச்சேரி இல்லை, பஞ்சாயத்து.

ஒன்பதாவது படிக்கும் மகளுக்காக, கோடை விடுமுறையில் வெளியூர்க் கடை ஒன்றில் வாங்கியது. இந்தப் பள்ளத்தாக்கில் கிட்டார் எடுக்கும் எந்தப் பிள்ளைக்கும் முதல் ஆசை ‘இளைய நிலா’தான், அவளுக்கும் அதுதான். மூன்று வாரம் ஆகியும் ஒரு கார்டு பிடிக்க முடியவில்லை. விரல் நுனியெல்லாம் கன்றிப்போய் மூலையில் சாத்திவிட்டாள். கடைக்குப் போன் போட்டால், “புதுசுன்னா அப்படித்தான் சார் இருக்கும், பழகப் பழகச் சரியாயிரும்” என்று பதில். பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று ரப்பர் ஸ்டாம்பு.

“ஏண்ணே, பிள்ளைக்குக் கை வராதா, இல்ல பொருள் சரியில்லையா?” என்றார் தம்பி.

கிட்டாரை எடுத்து, கழுத்துக்கு நேரே ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். தச்சர் சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பாரே, அந்தப் பார்வைதான். பிள்ளையிடம் குறை இல்லை. கிட்டாரிலும் பெரிய குறை இல்லை. கடையில் செய்ய வேண்டிய கடைசி வேலை ஒன்று பாக்கி நிற்கிறது. அதற்குப் பெயர் செட்டப்.

டீ வந்தது. அவருக்குப் புரிகிற கணக்கிலேயே சொன்னேன்.

“தம்பி, பந்தல் போடுறீங்க. ஓரத்துக் கல்தூண்ல கம்பியக் கட்டி இழுத்தா தூண் என்ன பண்ணும்?”

“உள்பக்கமாச் சாயும். அதுக்குத்தான் வெளிப்பக்கம் இழுவைக் கம்பி கட்டி, கல்லைப் புதைச்சு வைக்கிறோம்.”

கிட்டாரும் அதே கணக்குதான். ஆறு இரும்புக் கம்பிகளையும் சுருதிக்கு முறுக்கினால் மொத்த இழுப்பு 70 கிலோ அளவுக்கு வரும். ஒரு ஆள் அந்த மெல்லிய கழுத்தைப் பிடித்து எப்போதும் தொங்குகிற மாதிரி. கழுத்து முன்பக்கமாக வில் போல வளையும். வளைந்தால் கம்பிக்கும் கட்டைக்கும் இடைவெளி கூடும், அழுத்துவதற்கு அதிக பலம் வேண்டும். இதைச் சமாளிக்கக் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது: டிரஸ் ராடு. அதுதான் கிட்டாரின் இழுவைக் கம்பி. முனையில் ஆலன் கீ போட்டு முறுக்கினால் கழுத்து பின்னால் இழுபட்டு நேராகும். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். பிறகு சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆலன் கீ இருக்கிறதே என்று சைக்கிள் கடையில் கொடுத்து முறுக்கக் கூடாது. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் இழுப்பு பாதியளவுதான், அதனால் பெரும்பாலானவற்றில் இந்த ராடே இருக்காது.

கம்பிக்கும் கட்டைக்கும் உள்ள உயரத்தை ஆக்‌ஷன் என்பார்கள். தச்சர் வைத்திருக்கும் இரும்பு ஸ்கேலை 12ஆம் ஃபிரெட்டின்மேல் நிறுத்திப் பாருங்கள் (வீணையில் மெட்டு என்போமே, அதுதான் ஃபிரெட்). தடித்த கம்பிக்கு 2.5 மில்லிமீட்டர் பக்கமும், மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டருக்குள்ளும் இருந்தால் படிக்கிற பிள்ளைக்குச் சுகம். தம்பி கொண்டுவந்ததில் 4 இருந்தது.

ஏன் அவ்வளவு உயரமாக அனுப்புகிறார்கள்? இதைத்தான் வாங்குகிறவர் புரிந்துகொள்ள வேண்டும். கம்பி தாழ்ந்திருந்தால் ஃபிரெட்டில் பட்டு உறுமும். உறுமினால் கடையிலேயே தெரிந்துவிடும், கிட்டார் திரும்பி வரும். உயர்ந்திருந்தால் உறுமாது, வலிக்கும். வலித்தால் வாங்கினவர் கடையைத் திட்டமாட்டார், தன் விரலைத்தான் நொந்துகொள்வார். ஆகவே விலை குறைந்த கிட்டார்கள் பெரும்பாலும் உயரமாகவே பெட்டியில் ஏறுகின்றன. கடைசியில் இறக்கிக்கொடுப்பது கடைக்காரர் பொறுப்பு. அவர் பெட்டியைப் பிரிக்காமலே நீட்டினால் அந்த 4 மில்லிமீட்டர் நேராக ஒரு சிறுமியின் விரல் நுனிக்கு வந்து சேர்கிறது.

‘பழகப் பழகச் சரியாயிரும்’ என்பது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சங்கடம். புதிதாகப் படிக்கும் யாருக்கும் சில வாரம் விரல் எரியும், பிறகு காய்த்துவிடும். எது பழகும் வலி, எது கிட்டாரின் வலி என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. தலைப்பக்கம் கம்பிகள் உட்கார்ந்து வரும் சிறு பட்டைக்கு நட் என்று பெயர். மூன்றாம் ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டைப் பாருங்கள். அங்கே கம்பிக்குக் கீழே ஒரு தாள் கனம்தான் இடைவெளி இருக்க வேண்டும். பென்சில் கோடு அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. மெல்லிய அரத்தால் பார்த்துப் பார்த்து ராவ வேண்டிய வேலை அது. ஒரு இழுப்பு அதிகமானால் புது நட்தான் போட வேண்டும்.

வயிற்றுப்பக்கம் கம்பிகள் ஏறி இறங்கும் வெள்ளைத் துண்டு சேடில். அதைக் கழற்றி அடிப்பக்கத்தைத் தேய்த்துக் குறைக்கலாம். 12ஆம் ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சேடிலில் 2 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். இந்தக் கணக்குத் தெரியாமல் தேய்த்துவிட்டு, “இறங்கவே மாட்டேங்குதே” என்று தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன்.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சித்திரை வெயிலில் மரம் வற்றிச் சுருங்கும்; ஃபிரெட் சுருங்காது. அப்போது கழுத்தோரத்தில் ஃபிரெட் முனைகள் முள்ளாக நீட்டிக்கொண்டு கையைக் கீறும். ஜூன் பிறந்து மலைக்கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்தால் அதே மரம் ஈரம் குடித்து உப்பும், ஆக்‌ஷன் ஏறும். ஏசி கடையில் சரியாக இருந்தது கம்பத்துக்கு வந்து மாறுவது இதனால்தான். எனவே செட்டப் ஒருமுறையோடு முடிவதில்லை. ஒரு கோடையும் ஒரு சாரலும் பார்த்த பிறகு இன்னொருமுறை பார்க்க வேண்டும். பேருந்தில் கொண்டுவரும்போது, இடமில்லை என்று டிரைவர் பக்கத்து இஞ்சின் பெட்டிமேல் வைக்கச் சொல்வார்கள். வைக்காதீர்கள். சூட்டில் பசை இளகி, கம்பிகள் கட்டியிருக்கும் பிரிட்ஜ் எழும்பிவிடும். 2010 கடைசியில் நின்றுபோன மதுரை ரயில், 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் திரும்பி வந்துவிட்டது. மதுரையில் வாங்கினால் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவரலாம்.

நல்ல கடை என்ன செய்யும்? சுவரில் தொங்குவதை இறக்கியதும் முதலில் சுருதி சேர்க்கும். சுருதி சேராத கிட்டாரைப் பார்த்து வாங்குவது, படுத்திருக்கிற மாட்டை விலை பேசுகிற மாதிரி. யாருக்கு, எத்தனை வயது, என்ன பாட்டு என்று கேட்கும். வாசிக்கத் தெரியாதவர் வந்தால் கடைக்காரரே ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி மீட்டிக் காட்டுவார். எங்கே உறுமுகிறது என்று கேட்க நமக்குச் சங்கீதம் தெரிய வேண்டியதில்லை, காது போதும். 12ஆம் ஃபிரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு ஒரு ஒலியும், அழுத்தி ஒரு ஒலியும் எழுப்பினால் இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். விலகினால் மேலே போகப் போக அபஸ்வரம்.

சென்னை அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் என்ற கடை இருக்கிறது. 1842இல் மிஸ்க்வித் அண்ட் கோ என்று தொடங்கியது. வாத்தியம் விற்பதோடு கற்றுக்கொடுப்பது, லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளுக்கு இடம் கொடுப்பது என்று வளர்ந்தது. தேனிக்காரன் கிட்டார் பேச்சில் பண்ணைப்புரத்தைத் தொடாமல் போக முடியாதல்லவா: கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவிலுள்ள அந்த ஊரிலிருந்து போன இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் படித்து, அதே டிரினிட்டியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தேறியவர். கடைப் பேச்சுக்கே திரும்புவோம். கற்றுக்கொடுக்கிற கடைக்கு, வாங்கிய பிள்ளை பாதியில் விட்டுவிட்டால் நஷ்டம். பெட்டியை மட்டும் விற்கிற கடைக்கு அந்தக் கவலை இல்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. சிரித்துப் பேசுவதிலும் ஜில்லென்று ஜூஸ் கொடுப்பதிலும் இல்லை.

கடைக்காரர் பக்கமும் பேசத்தான் வேண்டும். சின்ன ஊரில் ஆர்மோனியம், தபேலா, கீபோர்டு என்று எல்லாம் வைத்து ஓட்டுகிற கடையில், அரம் பிடிக்கத் தெரிந்த ஆளைச் சம்பளத்துக்கு வைப்பது லேசில்லை. ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு, வாசலில் நின்றே செல்போனில் ஆர்டர் போடும் ஆட்களை அவரும் பார்க்கிறார். அதனால் செட்டப்புக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுங்கள். நியாயமான கூலிதான். பேரம் பேச வேண்டியது கிட்டார் விலையில், இதில் வேண்டாம்.

ரப்பர் ஸ்டாம்பு விஷயத்துக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பில் தர மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். பொருள் எந்த ஊரில் வாங்கியதானாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஆனால் ஒன்று: கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால், பிரிட்ஜ் எழும்பியிருந்தால், மரத்தில் விரிசல் இருந்தால் அது குறை. வெறும் உயரம் மட்டும் என்றால் அது பாக்கி வேலை. அதற்கு ஆணையம் வரை போவது வீண் அலைச்சல் என்பது என் கட்சி.

தம்பியின் கிட்டாரில் இருந்தது பாக்கி வேலைதான். டிரஸ் ராடைக் கால் சுற்று முறுக்க வேண்டும் என்றேன். கீ எங்கே என்று கேட்டேன். அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டதாம். நீங்கள் வாங்கும்போது, அந்தச் சின்ன ஆலன் கீ உறைக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.