பல்லுக்கு கிளிப் போட்டிருக்கீங்களா? பொரி உருண்டையிலிருந்து குத்துற கம்பி வரைக்கும் சமாளிக்கலாம் வாங்க!

கார்த்திகை தீபத்தன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி. மலை உச்சியில ஜோதி தெரிஞ்சதும் திருவண்ணாமலையே 'அரோகரா'ன்னு கும்பிட்டு முடிச்சு, வாசல்ல அகல் ஏத்தி, சாமி முன்னால வெச்ச பொரி உருண்டையை ஆளுக்கு ஒண்ணு கையில எடுக்கிற நேரம். அந்த வீட்டுல பல்லுக்கு கிளிப் போட்ட பிள்ளை ஒண்ணு இருந்தா, அடுத்து கேட்கிற சத்தம் பெரும்பாலும் 'டக்'தான். பல்லுல ஒட்டியிருந்த பிராக்கெட் கழண்டு நாக்குல உருளும்.

அன்னிக்குன்னு பார்த்து டாக்டரைப் பார்க்கவும் முடியாது. வெளியூர் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக ஸ்டாண்டுல நின்னுடும். உள்ளூர் ஆளே தெரு தாண்ட முடியாத கூட்டம். இன்னொரு சிக்கலும் இருக்கு. நம்மளை மாதிரி ஊர்கள்ல பல் சீரமைப்பு நிபுணர் தினமும் கிளினிக்ல உட்கார்ந்திருக்க மாட்டார். பல இடங்கள்ல பெரிய ஊர்லேர்ந்து மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவைதான் வந்துட்டுப் போவார். அதனால கிளிப் போட்டவங்க முதல்ல கத்துக்க வேண்டியது, எது பொறுத்துக்க வேண்டிய வலி, எது உடனே சொல்ல வேண்டிய பிரச்னைன்னு பிரிச்சுப் பார்க்கிறதுதான்.

முதல்ல வலி. பல் எலும்புக்குள்ள ஆணி மாதிரி அடிச்சு வெச்சது இல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிய நார்த்திசு ஒண்ணு இருக்கு. கம்பி இழுக்கும்போது ஒரு பக்கம் அந்தத் திசு நசுங்கி, அங்கே எலும்பு கரையும். எதிர்ப்பக்கம் புது எலும்பு வளரும். இப்படித்தான் பல் மெள்ள மெள்ள நகருது. அந்த அழுத்தம்தான் வலி. கம்பி மாட்டின சில மணி நேரத்துல ஆரம்பிச்சு, மறுநாள் உச்சத்துக்குப் போகும். மூணாம் நாள்லேர்ந்து குறையும். ஒரு வாரத்துல அநேகமா மறந்தே போயிடும். பல் லேசா ஆடுற மாதிரி இருக்கிறதும் இந்தக் கணக்குலதான் வரும், பயப்பட வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல வலி நீடிச்சாலோ, ஈறு வீங்கி சீழ் வெச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவே முடியலைன்னாலோ அது வேற விஷயம். உடனே டாக்டருக்குப் போன் போடுங்க.

அந்த முதல் மூணு நாளுக்கு நம்ம சமையலறையே போதும். குழைய வடிச்ச தயிர் சாதம், இட்லி, பொங்கல், ஆறின கேழ்வரகுக் கூழ். கடிக்கவே வேண்டாம், நாக்காலேயே நசுக்கி விழுங்கலாம். ஜில்லுனு தண்ணி குடிச்சா வலி குறையுதுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. அது வெறும் மரத்துப்போறது மட்டும் இல்ல. ஆரம்ப மாசங்கள்ல போடுற நிக்கல்-டைட்டானியம் கம்பி, வாயோட சூட்டுக்கு விறைப்பாகி பல்லை இழுக்கிற வகை. குளிர்ச்சி பட்டா கொஞ்ச நேரம் தளரும், பல்லுக்கும் அந்த நேரம் ஓய்வு. பானைத் தண்ணி இருந்தாலே போதும், ஐஸ் கட்டியைக் கடிச்சுடாதீங்க.

வலி தாங்கலைன்னா பாராசிட்டமால் போட்டுக்கலாம். பிள்ளைகளுக்கு எடைக்கு ஏத்த அளவை டாக்டர்கிட்ட கேட்டுத்தான் கொடுக்கணும். ஐபுபுரூஃபன் மாதிரியான மாத்திரைகளை நாள் கணக்குல நீங்களா தொடர்ந்து போடாதீங்க. பல் நகர உடம்பு சுரக்கிற அதே ரசாயனத்தைத்தான் அது கட்டுப்படுத்துது. பல் நகர்றதும் மெதுவாகலாம்.

அடுத்தது புண். கன்னத்து உள்பக்கமும் உதடும் கம்பியில உரசி உரசிப் புண்ணாகும். மணத்தக்காளிக் கீரை சாப்பிடச் சொல்லுவாங்க, நல்லா சாப்பிடுங்க, மெத்துன்னு இருக்கும். ஆனா, உரசுற இடம் அப்படியே இருந்தா புண் திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும். உரசலை நிறுத்துறதுதான் உண்மையான மருந்து. அதுக்கு கிளிப்புக்குன்னே மெழுகு இருக்கு, மெடிக்கல் ஷாப்லயோ கிளினிக்லயோ கிடைக்கும். பட்டாணி அளவு கிள்ளி, விரல் சூட்டுல உருட்டி, உரசுற இடத்தை ஈரம் போகத் துடைச்சுட்டு அழுத்தி ஒட்டணும். ஈரத்துல ஒட்டாது, நிறைய பேர் கோட்டை விடுறது இங்கேதான். சாப்பிடும் முன்னால எடுத்துடுங்க, தவறி விழுங்கிட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில அரை ஸ்பூன் உப்பு போட்டு நாலு வேளை கொப்பளிச்சா புண் சீக்கிரம் ஆறும். கிராம்பு எண்ணெயை மட்டும் புண் மேல தடவாதீங்க, எரிச்சலைக் கூட்டி விட்டுடும்.

கடைவாய்ப் பக்கம் கம்பி நுனி நீட்டிக்கிட்டுக் குத்துதா? கண்ணாடி முன்னால நின்னு, சுத்தமான காது குடையுற பஞ்சுக் குச்சியால நுனியைப் பல்லோட ஒட்டி மெதுவா மடக்கிப் பாருங்க. மடங்கலைன்னா மெழுகு வெச்சு மூடிட்டு டாக்டருக்குச் சொல்லுங்க. பிராக்கெட் கழண்டுட்டாலும் பெரும்பாலும் அது கம்பியிலேயே தொங்கிக்கிட்டு இருக்கும். பிய்க்காதீங்க, மெழுகால மூடிட்டு விட்டுடுங்க. தனியா விழுந்துட்டா ஒரு டப்பாவுல பத்திரமா எடுத்து வையுங்க. முழுங்கிட்டா பெரும்பாலும் அதுவா வெளியேறிடும். இருமலோ மூச்சுத்திணறலோ வந்தா மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். எல்லாத்துக்கும் முன்னால, கழண்டது ஒரு வாரம் தெரியாமலே இருந்துடக் கூடாது. அந்தப் பல் மட்டும் நகராம நின்னு, சிகிச்சை நாள் நீளும்.

கிரிவலம் போறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. 14 கிலோமீட்டர், நடுவுல எட்டு லிங்கம், வழி நெடுகக் கடை. நல்லா வெந்த சுண்டல், வேகவெச்ச வேர்க்கடலை, சுக்கு காபி, அன்னதானப் பொங்கல் எல்லாம் தாராளமா சாப்பிடலாம். சோளக் கதிரைக் கடிக்காம உதிர்த்துச் சாப்பிடுங்க. கொய்யா, மாங்காய் பத்தை, கரும்பு, கடலை மிட்டாய், முறுக்குக்கு கிளிப் கழட்டுற வரைக்கும் ஒரு கும்பிடு. மெழுகு, சின்ன கண்ணாடி, இடுக்கு பிரஷ், தண்ணி பாட்டில் நாலும் பையில இருந்தா போதும்.

மஞ்சள் பத்தியும் சொல்லணும். வெளியே தெரியக் கூடாதுன்னு கண்ணாடி நிற ரப்பர் வளையம் கேட்டு வாங்கிட்டு, ரெண்டே நாள் சாம்பார்ல அது மஞ்சளாகி நொந்துபோறவங்க நிறைய. மஞ்சள் இல்லாம தமிழ்ச் சமையல் ஏது? சாம்பல் நிறமோ அடர் நிறமோ கேளுங்க. ஒவ்வொரு விசிட்லயும் வளையத்தை மாத்துவாங்க, கல்யாணம் காட்சின்னா அதுக்கு முந்தின நாளா பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க.

இதெல்லாம் அசௌகரியம்தான், போயிடும். போகாத ஒண்ணு இருக்கு. பிராக்கெட்டைச் சுத்தி உணவு தங்கி, கிருமி அமிலம் சுரந்து, எனாமல்ல இருக்கிற கால்சியத்தை அரிக்கும். சரியா தேய்க்கலைன்னா ஒரு மாசத்துலயே வெள்ளைத் திட்டு தெரிய ஆரம்பிச்சுடும். ஒன்றரை, ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டு, பணத்தையும் செலவழிச்சு கிளிப்பைக் கழட்டுற அன்னிக்கு, பல் வரிசை அழகா இருக்கும். ஒவ்வொரு பல்லுலயும் சதுரமா ஒரு வெள்ளைக் கறையும் இருக்கும். அது முழுசா போறது கஷ்டம்.

பிள்ளைங்க தேய்க்காம விடறதுக்கு சோம்பல்தான் காரணம்னு திட்டாதீங்க. வலிக்குது, ஈறுல ரத்தம் வருதுன்னு பயந்து கிளிப் பக்கமே பிரஷ்ஷைக் கொண்டு போக மாட்டாங்க. உண்மையில சரியா தேய்க்காததாலதான் ஈறு வீங்கி ரத்தம் வருது, தேய்க்கத் தேய்க்க நின்னுடும். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட். பிராக்கெட்டுக்கு மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவை, பிரஷ்ஷைச் சாய்ச்சுப் பிடிச்சுத் தேய்க்கணும். கம்பிக்கு அடியில இடுக்கு பிரஷ். ராத்திரி மட்டும் எதைச் சொல்லியும் தப்பிக்க விடாதீங்க. பத்து, பன்னிரண்டு வயசுன்னா கூட நின்னு பாருங்க.

மாசாந்திர விசிட்டும் அப்படித்தான். வலி இல்லையே, எல்லாம் நல்லாத்தானே இருக்குன்னு தள்ளிப்போடுற வீடுகள் உண்டு. நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கம்பியைச் சரி பண்ணணும். டாக்டர் வர்ற நாள் பௌர்ணமியில விழுதான்னு காலண்டரைப் பார்த்து, முன்கூட்டியே வேற நாள் கேட்டுடுங்க. அவசரத்துக்கு எந்த நம்பர்ல கூப்பிடுறதுன்னும் முதல் நாளே கேட்டு வாங்கிக்கங்க. செலவுக்கு பயந்து நடுவுல நிறுத்துற நிலைமைன்னா, நிறுத்தறதுக்கு முன்னால சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில ஒருமுறை விசாரிச்சுப் பாருங்க. அங்கே பல் சீரமைப்புக்குன்னே தனித் துறை இருக்கு.

அப்ப, அந்தப் பொரி உருண்டை? சாமிக்குப் படைச்சதை வேண்டாம்னு சொல்ல மனசு வராதுதான். உரல்ல போட்டு நல்லா நுணுக்கி, உமி இருந்தா பொறுக்கிட்டு, வெதுவெதுப்பான பால்ல பத்து நிமிஷம் ஊறப் போடுங்க. வெல்லம் கரைஞ்சு பாயசம் மாதிரி ஆகிடும், ஸ்பூன்ல எடுத்துச் சாப்பிடலாம். சாப்பிட்ட கையோட பல் தேய்ச்சுடுங்க. இனிப்பு ஆச்சே!