மச்சத்தைவிடப் பாதத்தைப் பாருங்கள்

முகத்து மச்சம் சற்றே பெரிதாகத் தோன்றினாலும் புற்றுநோயோ என அஞ்சுவோர் நம்மிடையே பலர். உண்மையில், நமது கருநிறத் தோலில் மெலனோமா எனும் தோல் புற்றுநோய் அரிது. தோலிலுள்ள மெலனின் வெயிலிலிருந்து பெருமளவு காக்கிறது. ஆயினும் அந்நோய் நம்மவரைத் தாக்கும்போது, வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே பெரிதும் தோன்றுகிறது. ஜமெய்க்காப் பாடகர் பொப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் 1977 இல் கண்டறியப்பட்ட இந்நோய், 1981 இல் அவரது 36 ஆவது வயதில் உயிரைப் பறித்தது.

நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் கொழுந்து பறிப்போருக்கு அட்டைக்கடியும் கல் கிழித்த காயமும் அன்றாடமானவை. அவற்றிடையே பாதத்துக் கரும்புள்ளியொன்று எளிதில் கவனத்துக்கு வராது. ஓரம் சீரற்று, நிறம் பலவாகி வளரும் புள்ளி, நகத்தில் அகன்று வரும் கருங்கோடு, வாரக்கணக்கில் ஆறாத புண் ஆகியவற்றை வைத்தியரிடம் காட்டவேண்டும். வுழூச் செய்வோர் கால் கழுவும்போதே உள்ளங்காலையும் நோக்கலாம். சுண்ணாம்பு வைத்துப் பொசுக்குதல் அறவே ஆகாது. ஒரு துண்டை வெட்டியெடுத்து ஆய்வுகூடத்தில் சோதித்தே நோயை உறுதிசெய்ய முடியும்.

மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் அங்கு சென்றால் அன்றைய ‘பேர்’ போய்விடுமே! கிளினிக் செல்லும் நாளுக்குச் சம்பளம் வெட்டப்படாதிருக்கத் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் உடன்பாடு காண வேண்டுமென நாம் வலியுறுத்துகிறோம்.